ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள்

மச்சான் கல்யாண ரிசப்ஷனில் மேடை ஏறும்போதுதான் அது நடந்தது. பின்னால் வந்த அக்கா மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, உங்க ஷூ உதிருது" என்றாள். திரும்பிப் பார்த்தால், நான் நடந்து வந்த வழியெல்லாம் சிவப்புக் கம்பளத்தில் கறுப்புத் தூள். போட்டோவுக்கு நின்று இறங்குவதற்குள் இடது கால் அடிப்பாகம் பாதி கழன்று, வாய் பிளந்துவிட்டது. ஷூவுக்கு வயது நான்கு. மொத்தமே மூன்று தடவைதான் போட்டிருப்பேன். மேலே ஒரு கீறல் கிடையாது, முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு.

சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவர். கட்டைவிரலால் அடியை ஒரு அழுத்து அழுத்தினார். பழைய பிஸ்கெட் மாதிரி உள்ளே போனது. "பி.யூ. சோல்டா. பொத்திப் பொத்தி வச்சுக் கெடுத்திருக்க. வாங்கறப்போ கவிழ்த்துப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. யார் பார்க்கிறோம்? கடையில் ஷூவை எடுத்ததும் மேல் தோலைத் தடவுகிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், கண்ணாடி முன் நின்று பேன்ட்டைத் தூக்கிப் பார்க்கிறோம். வாங்கிய பிறகும் பாலிஷ் எல்லாம் மேலேதான். ஆனால் ஷூ பெரும்பாலும் மேலே கெட்டுப் போவதில்லை. அடியில் தேய்ந்தோ உதிர்ந்தோ போகும், இல்லாவிட்டால் உள்ளே வேர்வையில் மக்கிப் போகும். அன்றைக்கு ஆரம்பித்துச் சித்தப்பாவிடம் கேட்டுக் கேட்டு, நானும் சில ஜோடிகளைப் பாழாக்கித் தெரிந்துகொண்டதைத்தான், முதன்முதலாக நல்ல தோல் ஷூ வாங்கப் போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்பாகம்

அலமாரியிலிருந்து எடுத்த கையோடு ஷூவைக் கவிழ்த்துவிடுங்கள். சோல் எந்தப் பொருள், அது மேல்பாகத்தோடு எப்படி இணைந்திருக்கிறது என்ற இரண்டும் தெரிய வேண்டும்.

பொருளில் ஆபத்தானது என் ஷூவில் இருந்ததுதான்: பாலியூரித்தேன், சுருக்கமாக பி.யூ. போட்ட புதிதில் இதைவிடச் சுகமான சோல் கிடையாது. லேசாக இருக்கும், பஞ்சு மாதிரி அமுங்கும். ஆனால் காற்றில் உள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வேதிப் பிணைப்பை அறுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் நடந்தாலும் அது நடக்கும், பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் நடக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். அதனால் தினமும் ஆபீஸுக்குப் போட்டு இரண்டு வருஷத்தில் தேய்த்துவிடுபவருக்கு பி.யூ. சோலால் பெரிய நஷ்டம் இல்லை. 'விசேஷத்துக்கு மட்டும்' என்று எடுத்து வைப்பவர்தான் ஏமாறுவார். அப்படி வாங்குவதென்றால் ரப்பர் சோல் அல்லது தோல் சோல் பாருங்கள். டி.பி.ஆர். என்பது ரப்பர் போன்ற இன்னொரு பிளாஸ்டிக். பி.யூ. மாதிரி உதிராது, விலையும் குறைவு. சோலின் அடியிலோ பெட்டியின் மேலோ எந்தப் பொருள் என்று பல கம்பெனிகள் போட்டிருப்பார்கள். பெட்டியில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும், அதையும் படியுங்கள். தள்ளுபடியில் கிடைக்கும் பி.யூ. சோல் ஷூ இரண்டு வருஷப் பழசு என்றால், அதன் ஆயுளில் இரண்டு வருஷம் கடை அலமாரியிலேயே போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது இணைப்பு. கடையில் இருக்கும் பெரும்பாலான ஷூக்கள் பசையால் ஒட்டியவை. தொழிலில் இதற்கு சிமெண்டட் என்று பெயர். ஒட்டியது என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். நன்றாக ஒட்டிய ரப்பர் சோல் வருஷக் கணக்கில் உழைக்கும். ஆனால் சோல் தேய்ந்த பிறகு மாற்றுவது சிரமம்.

தைத்தவற்றில் இரண்டு முக்கிய வகை உண்டு. ஒன்று பிளேக் தையல். 1858-இல் அமெரிக்காவில் லைமன் பிளேக் என்பவர் காப்புரிமை வாங்கிய முறை. ஷூவின் உட்புறத்திலிருந்து சோல் வரைக்கும் ஒரே தையலாக இறங்கும். உள்ளே கையை விட்டு, பாதம் படும் தளத்தின் ஓரத்தைத் தடவினால் நூல் விரலில் தட்டுப்படும் (சில ஷூக்களில் மேலே ஒட்டிய அட்டை அதை மறைத்துவிடும்). லேசான, ஒல்லியான ஷூ இதில் கிடைக்கும். தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும் என்பது இதன் குறை.

இன்னொன்று குட்இயர் வெல்ட். பெயரைக் கேட்டதும் டயர் கம்பெனி நினைவுக்கு வரும். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்ட சார்லஸ் குட்இயரின் மகன், அதே பெயர்க்காரர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தையல் இயந்திரத்தைப் பிரபலமாக்கினார். டயர் கம்பெனிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லை, பெயர் மட்டும் மரியாதைக்காக வைத்தது. இந்த முறையில் ஷூவைச் சுற்றி வார் போல ஒரு தோல் பட்டையை மேல்பாகத்தோடு முதலில் தைப்பார்கள். அதுதான் வெல்ட். பிறகு சோலை அந்தப் பட்டையோடு தனியாகத் தைப்பார்கள். நடுவில் உள்ள பள்ளத்தைத் தக்கைத்தூளால் நிரப்புவார்கள். சோல் தேய்ந்தால் வெளித் தையலை மட்டும் அறுத்துப் புதுச் சோலை வைத்துத் தைக்கலாம், மேல்பாகத்தைத் தொடவே வேண்டாம். கனம் அதிகம், விலை அதிகம், முதல் சில நாள் விறைப்பாகவும் இருக்கும். ஆனால் பத்து வருஷம் போட வேண்டும் என்று நினைப்பவர் இதைத்தான் தேட வேண்டும்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. ஒட்டிய ஷூவைச் சுற்றியும் வெள்ளை நூல் தையல் போட்ட மாதிரி ஒரு பட்டையை அலங்காரத்துக்கு ஒட்டிவிடுவார்கள். நகத்தால் நெருடிப் பாருங்கள். நூல் தனியாக அசையாமல் ரப்பரோடு ரப்பராக வார்த்திருந்தால் அது தையலே இல்லை. உண்மையான நூலாக இருந்தால், ரப்பர் சோலின் அடியில் ஓரமாக ஓடும் பள்ளத்திலும் அதே நூல் தெரிகிறதா என்று பாருங்கள்.

தோல் சோல் பார்க்க அழகு, காற்றோட்டமும் உண்டு. ஆனால் நம் ஊர் வழவழப்பான டைல்ஸ் தரையில் வழுக்கும், ஒரே மழையில் ஊறிப் போகும். ஆசைப்பட்டு வாங்கினால் முதல் வாரமே முன்பாதிக்கு மெல்லிய ரப்பர் ஹாஃப் சோல் ஒட்டிவிடுங்கள்.

தோல் என்று எழுதியதெல்லாம் தோலா?

தோலின் மேற்பரப்பில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். அங்கேதான் பலம். அந்தப் பரப்பை அப்படியே விட்டது ஃபுல் கிரெயின். கொசுக்கடித் தழும்பு, முள் கீறல் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, மேலே நிறம் பூசி, போலி ரேகை அச்சிட்டது கரெக்டட் கிரெயின். தோலைக் கிடைமட்டமாகச் சீவியபின் கிடைக்கும் அடித்தட்டு ஸ்ப்ளிட். அதன் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி 'அசல் தோல்' என்று விற்பார்கள். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. தோல் தூளைப் பசையோடு குழைத்துத் தகடாக்கிய பாண்டட் லெதர் கடைசி ரகம். அதற்கு ரெக்ஸினே தேவலை, அது தன்னைத் தோல் என்று சொல்லிக்கொள்வதில்லை.

கடையில் நெருப்பு வைத்துப் பார்க்க முடியாது, வீட்டிலும் வேண்டாம். கட்டைவிரலால் ஷூவின் முன்பக்கத்தை உள்ளே அழுத்துங்கள். நல்ல தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடி, விட்டதும் மறையும். பூச்சு கனமாக உள்ளதில் மொத்தமாக ஒரு பள்ளம் விழும், அல்லது வெடிப்பு மாதிரி முரட்டுக் கோடுகள் தெரியும். பிறகு, மடித்துத் தைக்காமல் வெட்டி விட்ட ஓரம் எங்கேயாவது இருக்கும், பெரும்பாலும் லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் ஓரத்தில். அந்த ஓரத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். தோல் என்றால் நார்நாராகத் தெரியும். நடுவில் துணி இழையோ, மேலே சாக்லேட் உறை மாதிரித் தனிப் படலமோ தெரிந்தால் புரிந்துகொள்ளுங்கள். ரேகை ஷூ முழுக்க ஒரே சீராக இருந்தாலும் சந்தேகம்தான். மாட்டின் முதுகும் வயிறும் ஒரே மாதிரி இருக்காது.

ஐரோப்பாவுக்காகச் செய்த ஷூ கைக்கு வந்தால் இன்னும் சுலபம். அதில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் மூன்று பாகங்களுக்கு (மேல்பாகம், உட்புறம், வெளிச் சோல்) படக்குறி போட்டிருக்கும். விரித்த தோலின் வடிவம் இருந்தால் தோல். அதே வடிவத்துக்குள் ஒரு சின்னச் சாய்சதுரம் இருந்தால் பூச்சுத் தோல். வலை மாதிரிக் கட்டம் இருந்தால் துணி. வெறும் சாய்சதுரம் இருந்தால் மற்றவை, அதாவது ரப்பர், பிளாஸ்டிக் வகையறா.

உட்புறத்தை மறந்துவிடாதீர்கள். மேலே நல்ல தோல் போட்டு உள்ளே பிளாஸ்டிக் லைனிங் கொடுத்த ஷூவை நம் வெயிலில் எட்டு மணி நேரம் போட்டால் காலே அவிந்துவிடும். இன்று பெரும்பாலான தோல் குரோமியம் உப்பில் பதனிடப்படுகிறது. பதனிடும் ஆலையிலிருந்து அது ஈரத்தோடு நீல நிறத்தில் வெளியே வருவதால் அதை வெட் புளூ என்பார்கள். அதற்கு முன் நம் ஊர்களில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிட்டார்கள். அந்த மரபில் வந்த ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அப்படித் தாவரச் சாற்றில் பதனிட்ட மெல்லிய தோல் லைனிங்குக்கு அருமையானது, வேர்வையை வாங்கிக்கொள்ளும். சாயம் ஏற்றாத வெளிர் மரநிறத்தில் உட்புறம் இருந்தால் அநேகமாக அதுதான்.

அளவு

சாயங்காலம் போய் வாங்குங்கள். நாளெல்லாம் நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். எந்த சாக்ஸோடு போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் மாட்டி, கடையில் பத்து நிமிஷம் நடங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பவர் குறைவு. பெரிய காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும்.

நம் கடைகளில் உள்ள நம்பர் பிரிட்டிஷ் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் மூன்றில் ஒரு அங்குலம், கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். அரை நம்பர் பல கடைகளில் வைப்பதில்லை. இது நீளத்தின் கதை. நமக்குத் தகராறு அகலத்தில். 1948 முதல் அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை அளந்து, இந்தியர்களுக்கென்று தனி அளவு முறையையே பரிந்துரைத்திருக்கிறது. இறுக்கிப் பிடிக்கிறதே என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்கி, பின்னால் குதிகால் தூக்கித் தூக்கி நடப்பவர்கள் நம்மில் பாதிப் பேர் இருப்போம்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். பழைய செய்தித்தாளில் ஏறி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். பிடித்த ஷூவின் சோல் மேல் அந்தத் தாளை வையுங்கள். விரல்கள் ஆரம்பிக்கும் இடத்தில் தாள் சோலைத் தாண்டி நன்றாக வெளியே நீட்டினால், கடைக்காரர் "போடப் போட விடும் சார்" என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள். தோல் அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், நீளத்தில் விடாது. சோலை விட அகலமான காலுக்கு எந்தத் தோலும் ஈடுகொடுக்காது.

மாடலில், லேஸ் பட்டைகள் இரண்டும் மேலே தனியாக நின்று அகல விரிகிற டெர்பி வகை, உயர்ந்த மேல்பாதம் உள்ளவர்களுக்குச் சௌகரியம். ஆக்ஸ்ஃபோர்டில் பட்டைகள் கீழே அடங்கித் தைத்திருப்பதால் விரிய இடம் குறைவு. லேஸே இல்லாத லோஃபர் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்பூரைத் தாண்டும்போது பிரியாணிக் கடைகளுக்கு நடுவே ஷூ கடைகளும் வரிசையாக வரும். ஏற்றுமதிக்குச் செய்து மிஞ்சியவை, சின்னக் குறைக்காகத் தள்ளப்பட்டவை எல்லாம் அங்கே வரும். உண்மையிலேயே நல்ல சரக்கு கிடைக்கும், கூடவே பழைய சரக்கும் கிடைக்கும். அங்கே தேதி போட்ட பெட்டி இருக்காது என்பதால், பி.யூ. சோல் என்றால் கட்டைவிரலால் அழுத்தி, வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். இரண்டு ஷூவிலும் நம்பர் ஒன்றா என்று பாருங்கள், சித்தப்பா ஒரு தடவை எட்டும் ஒன்பதுமாகக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் நாலு வருஷம் கேலிக்கு ஆளானார். ஐரோப்பிய அளவு 42 என்றால் நம்முடைய 8 என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அகலம் மட்டும் போட்டுத்தான் தெரியும்.

வாங்கிய பிறகு

முதல் பத்து நாள் முழு நாள் போடாதீர்கள். வீட்டுக்குள் ஒரு மணி, இரண்டு மணி. குதிகாலில் கடித்தால் ஷூவின் உள்விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வைத்தியம் எல்லா வீட்டிலும் உண்டு. கடி நிற்கும்தான், ஆனால் தோல் கறுத்து, தொளதொளவென்றாகி, மழைக்காலத்தில் பூஞ்சைக்கு விருந்தாகும்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு வியாதி. ஒரு நாளைக்கு நாம் எத்தனை தடவை ஷூவைக் கழற்றி மாட்டுகிறோம்? வீட்டு வாசல், கோயில், டாக்டர் கிளினிக், சொந்தக்காரர் வீடு. ஒவ்வொரு தடவையும் குனிந்து லேஸ் அவிழ்க்கப் பொறுமை இல்லாமல், ஒரு காலால் மறு காலின் பின்பக்கத்தை மிதித்துக் கழற்றுகிறோம். மாட்டும்போது குதிகாலைத் திணித்து மிதிக்கிறோம். ஷூவின் குதிகால் பகுதிக்குள் விறைப்பான ஒரு அட்டை இருக்கிறது. அது ஒரு தடவை மடிந்தால் பிறகு நிமிராது. லேஸை அவிழ்த்துத்தான் கழற்ற வேண்டும், மாட்டும்போது ஷூ ஹார்ன் வேண்டும். இல்லையா, சாப்பாட்டுக் கரண்டியின் காம்பு போதும். தினமும் அலைகிற வேலை என்றால் லோஃபர் வாங்கிவிடுங்கள், வேண்டியதில்லை இந்த வம்பு.

ஒரே ஷூவைத் தினமும் போடாதீர்கள். ஒரு நாள் வேர்வை ஒரே ராத்திரியில் காயாது. ஈரத்தோடு மறுநாளும் மடங்கி மடங்கித்தான் மேல் தோல் வெடிக்கிறது. இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் சேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத் தேய்ப்பதைவிட அதிக நாள் வரும். கழற்றியதும் பெட்டிக்குள் போடாமல் காற்றாட விடுங்கள். தேவதாரு மரத்தில் செய்த ஷூ ட்ரீ நல்லதுதான், விலைதான் உறுத்தும். செய்தித்தாளைக் கசக்கித் திணித்தாலும் வடிவம் நிற்கும், ஈரத்தையும் உறிஞ்சும். சாக்ஸ் பருத்தியில் இருக்கட்டும்.

பாலிஷுக்கு வாரம் ஒரு தடவை போதும். லேஸை உருவிவிட்டு, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்துக் காய விடுங்கள். தூசி மேல் பாலிஷ் போடுவது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். பழைய பனியன் துணியில் பட்டாணி அளவு எடுத்து வட்டமாகத் தேயுங்கள். பத்து நிமிஷம் விட்டுப் பிரஷ் போட்டு, கடைசியில் சுத்தமான பனியன் துணியால் ஒரு இழுப்பு. தகர டப்பாவில் வருவது மெழுகு, பளபளப்புக்கும் நீர் ஒட்டாமல் இருக்கவும். பாட்டிலில் வரும் க்ரீம் தோலுக்குத் தீனி. மாதம் ஒரு தடவையாவது க்ரீம் போட்டு, அதன் மேல் மெழுகு. டப்பா பாலிஷில் பிரபலமான கிவி, 1906-இல் மெல்போர்னில் வில்லியம் ராம்சே என்பவர் கொண்டுவந்தது. மனைவி நியூஸிலாந்துக்காரர் என்பதால் அந்த நாட்டுப் பறவையின் பெயர். தேய்க்காமலே பளபளக்கும் ஸ்பாஞ்ச் பாலிஷைப் பஸ் பிடிக்கும் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பூசினால் படலம் படலமாகச் சேர்ந்து, மடிப்பில் விரிசல் விடும்.

மேற்பரப்பு வெல்வெட் மாதிரி இருக்கும் ஸ்வேட் தோலுக்கு பாலிஷே கிடையாது, பிரஷ்ஷும் ரப்பரும்தான். நவம்பரில் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகாதீர்கள், அவ்வளவுதான்.

மழை

நனைந்துவிட்டால் பதறி வெயிலில் வைப்பதும், பிரிட்ஜுக்குப் பின்னால் சொருகுவதும்தான் ஷூவைக் கொல்கிறது. வேகமாகக் காய்ந்தால் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை போய் விறைத்து வெடிக்கும். சாக்கடை கலந்த தெருத் தண்ணீர் என்றால் முதலில் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். லேஸையும் உள் அட்டையையும் எடுத்துவிட்டு, செய்தித்தாளைத் திணித்து, அடிப்பக்கமும் காற்றுப் படும்படி ஒருக்களித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். முழுசாகக் காய இரண்டு நாள் ஆகும். காய்ந்த பிறகு க்ரீம்.

மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தால் ஷூ மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். எல்லாமே பூஞ்சை இல்லை. ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் தோலுக்குள்ளிருந்து வெளியே வந்த கொழுப்பு, துடைத்தால் போதும். மறையாவிட்டால் பூஞ்சை. வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், சரிபாதி தண்ணீர் கலந்த வினிகரில் துணி நனைத்து உள்ளும் வெளியும் துடைத்து, நிழலில் காய விடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள், துணிப்பை போதும்.

தைக்கிறவர்

மாதம் ஒரு தடவை ஷூவை மறுபடி கவிழ்த்துப் பாருங்கள். குதிகாலின் வெளிப்புற மூலைதான் முதலில் தேயும். ஹீலின் அடியில் உள்ள ரப்பர் தகடு தேயும்போதே மாற்றினால் சின்னச் செலவு. அது தேய்ந்து ஹீலையே தின்ன ஆரம்பித்தால் பெரிய வேலை. லாடம் அடிப்பது பழைய வழி, டைல்ஸ் தரையில் வழுக்கும், சத்தமும் கேட்கும். சோல் வாய் பிளந்தால் வீட்டில் சூப்பர் க்ளூ ஊற்றாதீர்கள். அது கல்லாக இறுகி, நடக்கும்போது வளைய முடியாமல் மறுபடி விடும். பிறகு அதைச் சுரண்டி எடுக்கத் தைக்கிற அண்ணன்தான் திட்டிக்கொண்டே அரை மணி நேரம் செலவழிக்க வேண்டும். இரண்டு பக்கமும் அரத்தால் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவு காய விட்டு, சூடு காட்டிச் சேர்த்து அழுத்துவதுதான் முறை. அவசரப்படுத்தாமல் விட்டால் மரத்தடிக்காரரே அதைச் சரியாகச் செய்வார்.

வெல்ட் ஷூவுக்கு முழுச் சோல் மாற்றத் தெரு முனையில் முடியாது. சென்னையில் என்றால் பெரியமேட்டுக்குப் போங்கள். தோலும் ஷூ சாமான்களும் விற்கிற கடைகள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. கேட்டால் ஆள் சொல்வார்கள். போன வருஷம் என் பழுப்பு டெர்பிக்கு அப்படித்தான் ஆள் பிடித்தேன். ஆறு வருஷம் போட்டது. வெளித் தையலை அறுத்துச் சோலைப் பிரித்ததும், "இங்க பாருங்க சார்" என்று உள்ளே காட்டினார். தக்கைத்தூளில் என் இடது கால் அப்படியே பதிந்திருந்தது, கட்டைவிரல் பள்ளம் உட்பட. அதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தக்கை நிரப்பினார். வாங்கி வந்து போட்டபோது முதல் நாள் மாதிரியே விறைத்தது. மறுபடியும் வீட்டுக்குள் ஒரு மணி, இரண்டு மணி என்று ஆரம்பித்தேன்.